உதவியதா என்று கேட்கப் பழகியது

20 நிமிட உரையாடல் ஒன்றை ஒரு சொல் விடாமல் எழுத்தில் இறக்க எனக்கு 5 மணி நேரத்துக்கு மேல் ஆனது. பயன்பாட்டு உளவியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் எல்லோரும் செய்ய வேண்டிய அசைன்மென்ட் அது. வகுப்புத் தோழி ஒருத்தி உதவி தேடி வந்தவராக நடிப்பாள், நான் ஆலோசகர். பேச்சைப் பதிவு செய்து, எழுதி, நான் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது கேள்வியா, பிரதிபலிப்பா (அவள் சொன்னதை அவளுக்கே திருப்பிச் சொல்வதா), அறிவுரையா என்று குறிக்க வேண்டும். இடையில் வந்த மௌனங்களையும் நொடிக்கணக்கில் எழுத வேண்டும்.

அவள் எடுத்துக்கொண்ட பாத்திரம், அம்மாவை இழந்து சில மாதங்களே ஆன ஒரு பெண். "வீட்டுக்குப் போகவே பிடிக்கல. கதவைத் திறந்தா அம்மா செருப்பு இன்னும் அங்கேயே கிடக்குது" என்றாள். அதற்கு அடுத்த வரி என்னுடையது: "கொஞ்ச நாளைக்கு ஃபிரெண்ட்ஸ் யார் வீட்டுலயாவது தங்கிப் பாருங்களேன்." இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி இடைவெளிகூட இல்லை.

பேசும்போது அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் செருப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது உறைத்தது. எடுத்து வைக்க மனம் வரவில்லையா, எடுத்து வைக்க வேறு ஆள் இல்லையா, தினமும் அதைப் பார்ப்பது அவளுக்கு வலியா ஆறுதலா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே அவளை அந்த வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிட்டேன். மொத்தப் பதிவையும் எண்ணினேன். 14 அறிவுரைகள். 3 பிரதிபலிப்புகள். 4 நொடிக்கு மேல் நீண்ட மௌனம் ஒன்றுகூட இல்லை.

நான் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்த காரணமே, "உன்கிட்ட பேசினா மனசு லேசாகுது" என்று பலரும் சொன்னதுதான். சிறு வயதிலிருந்தே என்னிடம் மனம்விட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. அழுகிறவர் பக்கத்தில் உட்கார எனக்குத் தயக்கம் இருந்ததில்லை. இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. இதே நினைப்போடு சேருகிறவர்கள் நிறையப் பேர். அது நல்ல காரணம் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த நல்ல காரணத்தைப் பல்கலைக்கழகம் என்ன செய்தது என்பதைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன்.

முதல் ஆண்டில் மனம்விட்டுப் பேச யாரும் வரவில்லை. நரம்பு செல்கள், நினைவாற்றல், குழந்தை வளர்ச்சி, ஆய்வு முறைகள், புள்ளியியல் என்று ஓடியது. வரலாற்றுப் பாடம் 1879-ல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் அமைத்த உளவியல் ஆய்வகத்தில் தொடங்கியது. அவரிடம் படித்த லைட்னர் விட்மர் 1896-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கினார். அங்கே முதலில் வந்தது, எழுத்துக்கூட்டி எழுதவே வராத ஒரு மாணவன். அவனுடைய ஆசிரியைதான் அழைத்து வந்தார். சோதித்துப் பார்த்தால் அவனுக்குப் பார்வைக் கோளாறும் இருந்தது. தேர்வுக்காகப் படித்து மறந்துபோன எத்தனையோ விஷயங்களுக்கு நடுவில் இது மட்டும் நினைவில் நின்றுவிட்டது. அந்தப் பையனிடம் "கவனமா எழுதுப்பா" என்று எத்தனை பேர் எத்தனை முறை அன்பாகச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

புள்ளியியல் வகுப்புக்கு எங்களில் பாதிப் பேர் பயந்துகொண்டே போனோம். மனிதர்களுக்காக வந்த இடத்தில் திட்ட விலக்கமும் சராசரியும் எதற்கு என்று எல்லோருக்கும் ஒரு முணுமுணுப்பு. முதல் செமஸ்டர் முடியும்போதுதான் எனக்கு விடை கிடைத்தது. ஆசிரியர் கரும்பலகையில் மேலும் கீழும் ஏறி இறங்கும் கோடு ஒன்றை வரைந்தார். ஒருவருடைய மனநிலை, நாளுக்கு நாள். "இவர் எப்போ உதவி கேட்டு வருவார்?" என்று கேட்டார். கோடு மிகவும் கீழே போயிருக்கும் இடத்தைக் காட்டினோம். "சரி, அங்கே வந்துட்டார். நீங்க ஒண்ணுமே செய்யல, சும்மா உட்கார்ந்திருந்தீங்க. அடுத்த மாசம் கோடு எங்கே இருக்கும்?" பெரும்பாலும் மேலேதான் இருக்கும். மிக மோசமான நாளில் வந்த ஒருவருக்கு அடுத்து வரும் நாட்கள் சற்றே நல்ல நாட்களாக அமைய வாய்ப்பு அதிகம். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று இதற்குப் பெயர்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. என்னிடம் பேசி மனம் லேசானவர்கள் எல்லோரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு நான் உதவினேன்? எத்தனை பேருக்கு வெறுமனே அடுத்த நாள் விடிந்தது?

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் வந்ததல்ல. 1952-ல் ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலாளர் இதையே துறை முழுவதையும் பார்த்துக் கேட்டார். நியூரோசிஸ் (பதற்றம், மனச்சோர்வு போன்ற கோளாறுகள்) என்று அன்று வகைப்படுத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர், உளவியல் சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகிறார்கள் என்றார். அவர் கணக்கிட்ட விதத்தில் குறைகள் உண்டு, அவற்றைப் பலரும் சுட்டிக்காட்டினார்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிடும் ஆய்வுகள் பெருகின. 1977-ல் மேரி ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் அப்படிப்பட்ட 375 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிக் கணக்கிட்டார்கள். சிகிச்சை பெற்ற சராசரி நபர், பெறாதவர்களில் 75 சதவீதம் பேரைவிட நல்ல நிலையில் இருந்தார் என்பது அவர்கள் கண்டது. பேச்சு உதவத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்ல 25 வருடச் சண்டையும் நூற்றுக்கணக்கான ஆய்வுகளும் தேவைப்பட்டன. "எனக்குத் தெரியும், என்னிடம் வந்தவர்கள் தேறினார்கள்" என்ற ஒருவருடைய நம்பிக்கை போதவில்லை.

புள்ளியியலை வெறுத்த தோழர்களிடம் நான் அடிக்கடி சொல்லும் ஒரு ஆய்வு உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு நகரங்களில் 1939-ல் தொடங்கியது. ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் திட்டமிட்டது. குற்றப் பாதைக்குப் போய்விடக்கூடும் என்று கருதப்பட்ட சிறுவர்களுக்கு, போவதற்கு முன்பே அன்பும் துணையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி. சிறுவர்களை ஜோடி ஜோடியாகப் பொருத்தி, யாருக்கு உதவி என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். உதவி பெற்றவர்களின் வீட்டுக்கு ஆலோசகர் சராசரியாக மாதம் இரண்டு முறை போவார். பாடம் சொல்லித் தந்தார்கள், மருத்துவ உதவி கிடைக்கச் செய்தார்கள், பலரைக் கோடைகால முகாம்களுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு சிறுவனுக்கும் சராசரியாக 5 ஆண்டுகள் இது நடந்தது. இன்று யாராவது இப்படி ஒரு திட்டத்தைச் சொன்னால் நான் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

30 ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர், அந்தச் சிறுவர்கள் நடுத்தர வயது மனிதர்களாகிவிட்ட நிலையில் அவர்களைத் தேடிப் போனார். 1978-ல் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் திட்டம் தங்களுக்கு உதவியது என்று சொன்னார்கள். சிலர் தங்கள் ஆலோசகரை அவ்வளவு பாசத்தோடு நினைவுகூர்ந்தார்கள். பதிவேடுகள் வேறு கதை சொல்லின. எந்த உதவியும் பெறாத தங்கள் ஜோடிகளோடு ஒப்பிட்டால், உதவி பெற்றவர்களிடம் மீண்டும் குற்றம் செய்வது அதிகம், குடிநோயின் அறிகுறிகள் அதிகம், தீவிர மனநோயின் அறிகுறிகளும் அதிகம். இளம் வயதில் இறந்தவர்களும் அவர்களிடையே அதிகம்.

இதைப் படித்த அன்று நூலகத்திலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிற்காலத்தில் மெக்கார்டும் மற்றவர்களும் தரவுகளை மறுபடி அலசியபோது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடைகால முகாமுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களிடமே தீங்கு குவிந்திருந்தது தெரிந்தது. தடம் மாறக்கூடிய பையன்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் என்ன கற்றுக்கொள்வார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. அனுப்பியவர்கள் நல்லவர்கள். அனுப்பப்பட்டவர்களும் நன்றியோடுதான் இருந்தார்கள். நன்றி சொல்கிறார்கள் என்பதால் உதவி நடந்துவிட்டது என்று ஆகாது. எனக்கு நன்றி சொன்னவர்களை வைத்துத்தானே நான் இந்தப் படிப்புக்கே வந்தேன்?

விபத்து, பேரிடர் போன்றவற்றைச் சந்தித்தவர்களை உடனே உட்கார வைத்து நடந்ததை விவரமாகப் பேச வைப்பதும் இப்படித்தான். கேட்டால் எவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறது! மனதில் பூட்டி வைக்காமல் கொட்டிவிடட்டும் என்ற நினைப்பு. ஒரே அமர்வில் இப்படிப் பேச வைப்பது பின்னால் வரும் உளப் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்தபோது தெரிந்தது. சாலை விபத்தில் காயமடைந்தவர்களை 3 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், தொடக்கத்தில் அதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தவர்கள் இப்படிப் பேச வைக்கப்பட்டபோது, பேச வைக்கப்படாதவர்கள் அளவுக்குத் தேறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி பார், கேள், இணை என்ற மூன்று சொற்களில் நிற்கிறது. பாதுகாப்பைப் பார். அவர் பேச விரும்பினால் கேள். தேவையான உதவியோடும் சொந்தங்களோடும் அவரை இணை. பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது.

சரி, எதைச் செய்யக் கூடாது என்பது மட்டும்தானா படிப்பு என்றால், அப்படியில்லை. செருப்பு அசைன்மென்டுக்குத் திரும்புகிறேன். அந்த எழுத்துப் பிரதியை ஆசிரியையிடம் கொடுத்தபோது அவர் மதிப்பெண் போடுவதற்கு முன்பு ஒன்று கேட்டார். "அவங்க அழப் போறாங்கன்னு உனக்கு எப்போ தோணுச்சு?" நான் யோசித்து, செருப்பைச் சொன்ன இடத்தில் என்றேன். "அறிவுரை எங்கே வந்துச்சு?" அதே இடம். "யாருடைய சங்கடத்துக்கு அந்த அறிவுரை?" என்றார். நான் பதில் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

கேட்பது என்பதை ஒரு திறமையாகப் பிரித்துப் பிரித்துக் கற்றுத் தருகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயமாகத் தெரியும். மூடிய கேள்வி, திறந்த கேள்வி. சொன்னதைத் திருப்பிச் சொல்வது, சொன்னதன் அடியில் இருக்கும் உணர்வைத் தொட்டுச் சொல்வது. இதுவரை பேசியதைத் தொகுத்துச் சொல்லி, "சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?" என்று கேட்பது. அந்தக் கடைசிக் கேள்வியை உண்மையாகவே கேட்க வேண்டும். "இல்ல, அப்படி இல்ல" என்று அவர் சொல்லும்போது முகம் வாடக் கூடாது. அந்த "இல்ல"தான் நமக்குக் கிடைப்பதில் மிகவும் பயனுள்ளது, ஏனென்றால் அதற்கு அடுத்துத்தான் பெரும்பாலும் உண்மையான வாக்கியம் வரும்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் இதில் பெரிய பெயர். 1957-ல் அவர் எழுதிய கட்டுரையில் மனிதர் மாறுவதற்குத் தேவையான, போதுமான நிபந்தனைகள் என்று ஒரு பட்டியல் தந்தார். ஆலோசகர் பக்கத்திலிருந்து வேண்டியவை அதில் மூன்று: ஒளிவுமறைவில்லாத நேர்மை, நிபந்தனையற்ற மதிப்பு, எதிரில் இருப்பவரின் உலகத்தை அவர் கண்ணால் பார்க்கும் பரிவுணர்வு. போதும் என்று அவர் சொன்னதை இன்று எல்லோரும் ஏற்பதில்லை. ஆனால் வகுப்பில் அதிகம் பேசப்படாத இன்னொரு காரியத்துக்காக நான் அவரை அதிகம் மதிக்கிறேன். ஒலிப்பதிவு வட்டுகளின் காலத்திலேயே அவரும் அவர் மாணவர்களும் ஆலோசனை அமர்வுகளைப் பதிவு செய்தார்கள். ஒருவருடைய சிகிச்சை முழுவதையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டு 1942-ல் வெளியிட்டார். அதுவரை மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதற்கு ஆலோசகரின் நினைவைத் தவிர வேறு சாட்சி அநேகமாக இல்லை. நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த அந்த 5 மணி நேரம் அங்கிருந்து வந்தது.

1979-ல் எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் சொன்ன ஒன்று நடைமுறையில் எனக்கு இன்னும் அதிகம் கைகொடுக்கிறது. ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையிலான கூட்டணியில் மூன்று இழைகள் உண்டு என்றார் அவர். பிணைப்பு, எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்காக என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு. என்னைப் போன்றவர்கள் பிணைப்பை எளிதாக உருவாக்கிவிடுவோம். மற்ற இரண்டையும் கேட்காமலேயே விட்டுவிடுவோம். அவர் தூக்கம் வர வேண்டும் என்று வந்திருப்பார், நாம் அவர் அப்பாவோடு சமாதானம் ஆக வேண்டும் என்று உழைத்துக்கொண்டிருப்போம்.

இங்கே மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில். எங்களுக்கு வாயில் வரும் சொற்களெல்லாம் டிப்ரெஷன், ஆங்சைட்டி, டிராமா. எதிரில் வந்து உட்கார்கிறவர் "மனசு கனமா இருக்கு" என்பார், "நெஞ்சை அடைக்குது" என்பார், "எதுலயும் ஒட்ட மாட்டேங்குது" என்பார். மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் பிஎச்க்யூ-9 என்ற வினாத்தாளில் 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. அதைத் தமிழில் கொடுத்து ஒரு ப்ராஜெக்ட் செய்தபோது, எழுத்துத் தமிழில் சரியாக இருந்த வாக்கியங்களைக் கேட்டு, வந்தவர்கள் "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். ஒருவர் ஆர்வமின்மை என்பதைப் படித்துவிட்டு, "ஆர்வம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, வேலை நடந்துதானே ஆகணும்" என்று சொல்லி பூஜ்யத்தில் வட்டம் போட்டார். அதே மனிதர் அடுத்த அரை மணி நேரத்தில், "முன்னாடியெல்லாம் பாட்டுன்னா உயிரு, இப்ப ரேடியோவையே போடறதில்ல" என்றார். மதிப்பெண் பூஜ்யம். தரவில் அது அப்படியே போகும். அளவுகோல்கள் வேண்டாம் என்று இதற்காகச் சொல்ல மாட்டேன். எண்ணுக்குப் பக்கத்தில் காதும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கவுன்சலிங்குக்குத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்றொரு சொல் இருக்கிறது. ஆறு என்றால் வழி, ஆற்றுப்படுத்துவது வழியில் செலுத்துவது. சூடானதை ஆற்றுவதும் காயம் ஆறுவதும் அதே ஒலிக்குள் கேட்கிறது. அந்தச் சொல்லை நான் வைத்துக்கொண்டேன்.

அந்த வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னையே காயப்படுத்திக்கொள்ளவோ எண்ணங்கள் வருகின்றனவா என்பது. முதல் முறை அதை வாய்விட்டுக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நேரடியாக, அமைதியாக, சுற்றி வளைக்காமல் கேட்கப் பழகினோம். வகுப்பில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து, "தற்கொலை எண்ணம் வருதா?" என்ற வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்லும் வரை பயிற்சி. ஆமாம் என்று பதில் வந்தால் அடுத்து என்ன, யாரிடம் உடனே சொல்ல வேண்டும், அவரைத் தனியே விடாமல் எப்படி இணைப்பது என்பதற்கும் பயிற்சி. ரகசியம் காப்போம் என்று முதல் அமர்வில் சொல்லும்போதே, உயிருக்கு ஆபத்து என்றால் காக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அது நம்பிக்கைத் துரோகமாகத்தான் அவருக்குப் படும்.

மூன்றாம் ஆண்டுக் களப்பயிற்சிக்கு முதியோருக்கான பகல் பராமரிப்பு மையம் ஒன்றுக்குப் போனேன். வாரம் இரண்டு நாள். அங்கே ஒரு பாட்டியோடு எனக்கு ரொம்பவும் ஒட்டிக்கொண்டது. மதியம் சாப்பாடு முடிந்ததும் அவர் கட்டில் பக்கத்தில் போய் உட்காருவேன். பழைய கதைகளைக் கேட்பேன். என் களக் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக அவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், "நல்ல பிணைப்பு", "மலர்ந்த முகம்" என்றெல்லாம். மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, "நீ வர்றது அவங்களுக்கு எப்படி இருக்குன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கேட்டேன். பாட்டி முதலில் "நல்லா இருக்கு கண்ணு" என்றார். நான் விடாமல், "மாத்திக்கணும்னு ஏதாவது இருந்தா சொல்லுங்க பாட்டி, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார். "மத்தியானம் கொஞ்சம் கண் அசரணும் போல இருக்கும். நீ வந்து உட்கார்ந்துட்டா எந்திரிச்சு உட்காரணும்ல. புள்ள ஆசையா வந்திருக்கு, எப்படிப் படுக்கறது?"

4 மாதங்களாக அந்த அம்மா தூக்கத்தை அடக்கிக்கொண்டு எனக்குக் கதை சொல்லியிருக்கிறார். யார் யாருக்கு உதவியது? அடுத்த வாரத்திலிருந்து காலையில் போனேன். கதைகள் குறைந்தன. காலையில் அவருக்குப் பேச்சைவிட நடக்கத்தான் பிடிக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது, கையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தோம். களக் குறிப்பேட்டில் எழுத அதிகம் எதுவும் இல்லாத வாரங்கள் அவை.

உதவும் தொழிலில் சோர்ந்துபோவதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அந்த எரிந்து தீர்ந்த நிலைக்கு 1974-ல் பெயர் வைத்து எழுதிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், இலவச கிளினிக்கில் தன்னோடு உழைத்தவர்களிடமும் தன்னிடமுமே அதைக் கண்டார். இறங்கி உழைக்கிறவர்களைத்தான் அது பிடிக்கிறது. அதற்கு ஓய்வும் தூக்கமும் வேண்டும்தான், ஆனால் என்னை நிமிர்த்தியது வாராவாரம் நடந்த மேற்பார்வை. அங்கே போய், "இன்னைக்கு அவர் பேசும்போது எனக்குக் கோபம் வந்துச்சு" என்று வெட்கமில்லாமல் சொல்ல முடிந்தது. சொன்ன பிறகு அந்தக் கோபம் அடுத்த அமர்வுக்குள் என்னோடு வரவில்லை.

சேர நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் வேலை கிடைக்குமா என்பதுதான். பட்டம் மட்டும் உங்களைச் சிகிச்சை தருபவராக ஆக்காது. பல நாடுகளில் அதற்கு மேல் முதுகலையும், மேற்பார்வையில் செய்த பயிற்சி நேரங்களும், பதிவோ உரிமமோ தேவை. விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. பட்டத்தோடு பள்ளிகளிலும், மறுவாழ்வு மையங்களிலும், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவிலும், சமூகநலத் திட்டங்களிலும் வேலைகள் உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், உங்கள் பதிவுகளை உட்கார்ந்து கேட்க ஆசிரியர்களுக்கு நேரம் உண்டா, மேற்பார்வை குழுவாகவா தனியாகவா என்று கேளுங்கள். புள்ளியியலை ஒப்புக்கு நடத்துகிற இடமாக இருந்தால் இன்னொரு முறை யோசியுங்கள். 2015-ல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க முடிவு தந்தவை. திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் அப்படி வந்தது. ஒரு துறை தன்னைத் தானே இப்படிச் சோதித்து அதை வெளியே சொன்னது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தச் சோதனையைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாதவர் கையில் ஒரு மனிதரை ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

இப்போது முதுகலைப் பயிற்சியில் இருக்கிறேன். மேற்பார்வையில் ஆலோசனை அமர்வுகள் நடத்துகிறேன். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் ஒரு தாளைக் கொடுக்கிறேன். அதில் 10 சென்டிமீட்டர் நீளத்தில் 4 கோடுகள். நான் கேட்டதாக உணர்ந்தீர்களா, நீங்கள் பேச நினைத்ததைப் பேசினோமா, நான் போகும் விதம் உங்களுக்குப் பொருந்துகிறதா, மொத்தத்தில் இன்று எப்படி. கோட்டில் எங்காவது ஒரு குறி போட வேண்டும். ஸ்காட் மில்லரும் பாரி டங்கனும் சகாக்களும் உருவாக்கிய எளிய அளவுகோல் இது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. உளவியல் சிகிச்சைக்கு வரும் பெரியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் மோசமாகிறார்கள், பல நேரம் ஆலோசகருக்கே அது தெரிவதில்லை. அதனால்தான் இந்தத் தாள்.

ஒருவர் வந்துகொண்டிருந்தார், இதை எழுத அவரே அனுமதி தந்தார். 5 வாரங்களாக நான்கு கோடுகளிலும் வலது ஓரத்திலேயே குறி போட்டார். ஆறாவது வாரம் இரண்டாவது கோட்டில் மட்டும் குறி ஒரு விரல் அகலம் இடதுபுறம் தள்ளியிருந்தது. தாளை மேசையில் வைத்து, "இங்கே கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கீங்க, சொல்ல முடியுமா?" என்றேன். "அய்யோ, அது ஒண்ணுமில்ல மேடம்" என்றார். நான் காத்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தின் ஓசை கேட்டது.

"நீங்க நோட்டுல எழுத ஆரம்பிச்சா, அது முக்கியமான விஷயம் போலன்னு நினைச்சு நான் அதைப் பத்தியே பேசிக்கிட்டிருப்பேன். நான் பேச வந்தது அது இல்ல" என்றார்.

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். "பேச வந்தது எது?" என்று கேட்டேன். அமர்வு முடிய இன்னும் 7 நிமிடங்கள் இருந்தன. அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.